அவன் ஏன் வெளிய வந்தான்? – ஃபுட்பால் மேனேஜர் கேம்ல பேரும் வேலையும்

(வேலூர் சத்துவாச்சாரில நம்ம கேமிங் பசங்க மீட்டப்ல பேசுனது. ரெக்கார்டிங்க கேட்டு அப்படியே டைப் பண்ணது, அங்கங்க கொஞ்சம் சுருக்கிட்டன்.)

எல்லாருக்கும் வணக்கம் பா. பின்னாடி கேக்குதா? சரி. இந்த வெயில்ல, ரெண்டு ஃபேன் ஓடற மாடி ஹால்ல, ஒரு கம்ப்யூட்டர் கேம பத்தி பேச்சு கேக்க இத்தினி பேரு வந்து ஒக்காந்துகினு இருக்கீங்க, வீட்ல இன்னா சொல்லிட்டு வந்தீங்கன்னு நான் கேக்கல.

நம்ம ஊர பத்தி ஒரு பழைய பேச்சு இருக்குது இல்ல, தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்ட, சாமி இல்லாத கோயில்னு. இப்ப பாருங்க, ஜலகண்டேஸ்வரர் 1981லயே கோட்டைக்குள்ள திரும்பி வந்துட்டாரு. 2021 நவம்பர்ல பாலாறு கர தொட்டு ஓடுச்சி, நாமளே பாலத்து மேல நின்னு வீடியோ எடுத்தோம். ஆனா வெளியூர்காரன் கிட்ட வேலூர்னு சொன்னா அவன் இன்னும் அதே சொலவடைதான் சொல்லுவான். பேருன்றது அப்படி, உண்ம மாறிடும், பேரு பின்னாடி மெதுவா நடந்து வரும், சில சமயம் வரவே வராது. நான் இன்னிக்கி பேசப்போற மேட்டர் இதான்.

ஃபுட்பால் மேனேஜர் ஆடாதவங்க யாராவது இருக்கீங்களா? ரெண்டு கை. அண்ணி, நீங்க அண்ணனோட வந்தீங்க, பரவால்ல. 1992ல சாம்பியன்ஷிப் மேனேஜர்னு இங்கிலாந்துல காலியர்னு ஒரு அண்ணன் தம்பி ஆரம்பிச்சது, 2004ல இருந்து ஃபுட்பால் மேனேஜர்ன்ற பேர்ல வருது. நீ பந்த ஒதைக்க மாட்ட, டீம நடத்துவ. ஆள் வாங்கற, விக்கற, தோத்தா வேலைய விட்டு தூக்கிடுவான், அப்புறம் வேற கிளப்புக்கு அப்ளை பண்ணணும். அந்த அப்ளை பண்ற எடத்துலதான் எனக்கு பிரச்சன.

கேம் ஆரம்பிக்கும்போதே கேப்பான், நீ எந்த லெவல்ல ஆடுனவன், சும்மா ஞாயித்துக்கெழம கிரவுண்டுல ஆடுனவனா இல்ல இன்டர்நேஷனல் பிளேயரா, என்னா கோச்சிங் லைசன்ஸ் வெச்சிருக்கன்னு. அத வெச்சி உனக்கு ஒரு ரெப்யூடேஷன், அதாவது உன் பேருக்கு ஒரு மார்க்கு, போடுவான். கேமோட டேட்டாவ காட்டற எடிட்டர தொறந்து பாத்தீங்கன்னா 10,000 வரைக்கும் போற நம்பர் அது. சொந்த நாட்ல எவ்ளோ, இப்ப எவ்ளோ, உலக அளவுல எவ்ளோன்னு மூணா பிரிச்சிதான் வெச்சிருக்கான், இல்லன்னு சொல்லல. ஆனா மூணும் எவ்ளோ ஒசரம்னுதான் அளக்குது, எதுக்கு பேரு வாங்குனன்னு அளக்கல. கப்பு ஜெயிச்சா ஏறும், தூக்குனா எறங்கும். கிளப்போட நம்பர் உன் நம்பர விட ரொம்ப மேல இருந்தா இன்டர்வியூவே கெடையாது.

என் சேவ் ஒண்ணு, அதாவது நான் ஆடி சேத்து வெச்ச ஆட்டம் ஒண்ணு, சொல்றன். இங்கிலாந்துல ஆறாவது டிவிஷன்ல ஒரு டப்பா டீம். மீடியா கணிப்பு 20வது எடம், நான் 5வதா முடிச்சன், ஒரு பவுண்டு கூட செலவு பண்ணாம, பாதி பேரு 19 வயசு பசங்க. அடுத்து மேல் டிவிஷன்ல கடைசில இருந்த ஒரு கிளப்புக்கு அப்ளை பண்ணன், பதிலே இல்ல. அந்த வேலைய யாருக்கு குடுத்தான்னு பாத்தா, போன வருஷம் ரிட்டயர் ஆன ஒரு ஸ்டார் பிளேயர், ஒரு மேட்ச் கூட மேனேஜ் பண்ணதில்ல. ஏன்னா அவன் ஆடுன காலத்து நம்பர் அப்படியே கோட் சூட் போட்டுகினு வந்துடுச்சி. நெசத்துலயும் இது நடக்குது, இல்லன்னு சொல்லல. ஆனா நெசத்துல யாராவது ஒரு சேர்மன் எனக்கும் ஒரு போன் போட்டிருப்பான் இல்ல?

இப்ப நம்ம பக்கம் வாங்க. எனக்கு தெரிஞ்ச ஒரு லேபர் கான்ட்ராக்ட் அண்ணன் இருக்காரு, ஆம்பூர் வாணியம்பாடி ஷூ கம்பெனிங்களுக்கு ஆள் எடுத்து குடுப்பாரு. காட்பாடி ஸ்டேஷன் வெளிய டீ குடிச்சிகினு இருக்கும்போது கேட்டன், அண்ணா சூப்பர்வைசர் எப்படி எடுப்பீங்க, சர்டிபிகேட் பாப்பீங்களான்னு. சிரிச்சாரு. "தம்பி, மொதல்ல எந்த செக்சன்னு பாப்பன். கட்டிங்ல கில்லாடியா இருக்கறவன லாஸ்டிங்ல, அச்சு மேல தோல இழுத்து மாட்டற எடத்துல, போட்டா லைனே நின்னுடும். ரெண்டாவது, பழைய கம்பெனில இருந்து ஏன் வெளிய வந்தான். அத அவன் கிட்ட கேக்க மாட்டன், அவன் கீழ வேல செஞ்ச பொண்ணுங்க கிட்ட கேப்பன். மூணாவது, ஆர்டர் நெருக்கடியா இருந்தா ஒண்ணும் கேக்க மாட்டன், நாளைக்கே வாப்பான்னுடுவன்." அவ்ளோதான், டீ கிளாஸ வெச்சிட்டு போயிட்டாரு. எனக்கு தூக்கிவாரி போட்டுடுச்சி, இத்தினி வருஷமா அந்த கேம்ல இல்லாதது மூணே வரில வந்துடுச்சேன்னு.

ஷூன்னு சொன்னவுடனே ஞாபகம் வருது, அரிகோ சாக்கி. அப்பாவோட ஷூ வியாபாரத்துல சேல்ஸ்மேனா இருந்தவரு, பெருசா ஆடுனதே இல்ல. நீ ஆடுனதில்லயே, நீ எப்படி கோச்னு கேட்டவங்களுக்கு, ஜாக்கி ஆகணும்னா மொதல்ல குதிரையா பொறந்திருக்கணுமான்னு திருப்பி கேட்டாரு. அவருதான் ஏசி மிலானுக்கு 1989, 1990ன்னு ரெண்டு வருஷம் சேந்தாப்புல ஐரோப்பிய கப் வாங்கி குடுத்தாரு. கேம்ல சாக்கி மாதிரி ஆரம்பிச்சா ஒனக்கு மிலான் பஸ்ல கண்டக்டர் வேல கூட கெடைக்காது.

சரி, இங்கிலாந்து மேல் டிவிஷனான பிரீமியர் லீக்ல லெஸ்டர்னு ஒரு கிளப், அந்த கதைக்கு வரன், ஏன்னா ரெண்டு பக்கமும் அதுலயே இருக்குது. 2014-15 சீசன், கிறிஸ்துமஸ் அப்ப லெஸ்டர் கடைசி எடம். நைஜல் பியர்சன் மேனேஜர். கடைசி 9 மேட்ச்ல 7 ஜெயிச்சி 14வது எடத்துல முடிச்சி டீம காப்பாத்துனாரு. கேம்ல இது நடந்தா போர்டு கட்டிபுடிச்சி புது கான்ட்ராக்ட் குடுக்கும். நெசத்துல இன்னா பண்ணாங்க? ஜூன்ல தூக்கிட்டாங்க. மைதானத்துக்கு வெளிய நடந்த சங்கடங்க, போர்டுக்கும் அவருக்கும் ஒத்துவரல. அவரு எடத்துக்கு யார கூப்டாங்க? கிளாடியோ ரனியேரின்ற இத்தாலி கோச்ச. அவரு கொஞ்ச மாசம் முன்னாடிதான் கிரீஸ் நேஷனல் டீம வெச்சிகினு, சொந்த ஊர்லயே ஃபாரோ தீவு கிட்ட 1-0 தோத்து வேல போயி வீட்ல இருந்தவரு. லெஸ்டர்ல ஆடுன பழைய ஸ்டார் கேரி லினேகரே "ரனியேரியா? நெசமாவா?"ன்னு ட்வீட் போட்டாரு. அந்த சீசன் இன்னா ஆச்சின்னு ஒங்களுக்கே தெரியும், ஜெயிப்பாங்கன்னு கட்டுனா 5000க்கு 1 பந்தயம், பிரீமியர் லீக் சாம்பியன். அடுத்த பிப்ரவரில அவரையும் தூக்கிட்டாங்க, கப்பு வாங்கி ஒம்போது மாசம்.

இந்த கதைய ஒரே நம்பர்ல எப்படி எழுதுவீங்க? பியர்சனுக்கு "முழுகற கப்பல காப்பாத்துவான்"னு ஒரு பேரு, "கூட வேல செய்யறது கஷ்டம்"னு இன்னொரு பேரு. ரெண்டும் ஒண்ணா இருக்குது. ஒண்ண ஒண்ணு கழிச்சி சைபர்னு போட முடியாது. கீழ் டிவிஷனுக்கு எறங்கற ரெலிகேஷன் பயத்துல இருக்கற சேர்மன் மொத பேர பாப்பான், நிம்மதியா நடு டேபிள்ல இருக்கறவன் ரெண்டாவது பேர பாப்பான். அதான் நான் கேக்கறது. பேர யாரு கிட்ட, எதுக்குன்னு பிரிங்க. பசங்கள வளக்கறவன், காசில்லாம ஓட்டறவன், ஸ்டார் பிளேயருங்கள சமாளிக்கறவன், பாதி சீசன்ல வந்து காப்பாத்தறவன். கிளப்புக்கு அந்த நேரத்துல எது வேணுமோ அத தேடட்டும். ஜனவரில கடைசி எடத்துல இருக்கற கிளப்பும் ஜூன்ல பொறுமையா ஆள் தேடற கிளப்பும் ஒரே மாதிரி இன்டர்வியூ பண்ணா எப்படி? நம்ம கான்ட்ராக்ட் அண்ணன் ஆர்டர் நெருக்கடில நாளைக்கே வான்னாரு இல்ல, அதான்.

கிளப்புக்கு இன்னா வேணும்னு போர்டு சொல்ற கிளப் விஷன்னு ஒண்ணு கேம்ல வந்தப்புறம் கொஞ்சம் பரவால்ல. இன்டர்வியூல, யூத் பிளேயருங்கள வளப்பியான்னு கேப்பான், நான் ஆமான்னு அமுக்குவன். போன கிளப்புல நான் வளத்தனா இல்லையான்னு அவன் எடுத்து பாத்த மாதிரி எனக்கு தெரியல. வாய் வார்த்தைக்கு மார்க்கு.

நம்ம நாட்டு ஆளு ஒருத்தர் சொல்றன், காலித் ஜமீல். மும்பை எஃப்சில பல வருஷம் கோச், பெரிய கப்பு எதுவும் இல்ல, ஆனா டீம் கீழ எறங்காம பாத்துகினாரு. அப்புறம் ஐசால் போனாரு. அதுக்கு முந்தின சீசன் ரெலிகேட் ஆகி திரும்ப சேத்துகின டீம் அது. 2017ல, அப்ப நாட்டோட மேல் லீக்கா இருந்த ஐ-லீக்ல சாம்பியன் ஆக்கிட்டாரு. ஆனாலும் ஐஎஸ்எல்ன்ற இந்தியன் சூப்பர் லீக்ல ஃபாரின் கோச்சுங்கதான்னு ஒரு எழுதாத சட்டம், 2021ல நார்த்ஈஸ்ட் யுனைடெட்ல பாதில கோச் போனதால பொறுப்பா ஒக்கார வெச்சாங்க, ஜெயிச்சி காட்டுனப்புறம்தான் அந்த நாற்காலி அவருதாச்சி. 2025 ஆகஸ்ட்ல இந்தியா கோச். ஒரு கப்பு ஜெயிச்சா கதவு தொறக்கும்னு கேம் சொல்லுது, அவருக்கு கப்புக்கும் கதவுக்கும் நடுவுல நாலு வருஷம். கதவ தொறந்தது கப்பு கூட இல்ல, காலியான எடத்துல பக்கத்துல நின்னுகினு இருந்ததுதான். கேம்ல அந்த மாதிரி அசிஸ்டென்டா போய் பொறுமையா நிக்கற வழிய ஒழுங்கா குடுங்கப்பா, நான் மொத ஆளா அப்ளை பண்றன்.

லைசன்ஸ் மேட்டர் சும்மா தொட்டுட்டு போறன். வில் ஸ்டில்னு ஒரு பையன், சின்ன வயசுல இருந்து இந்த கேம் ஆடுனவன். 2022 அக்டோபர்ல பிரான்ஸ்ல ரீம்ஸ் கிளப் அவன மேனேஜரா போட்டுச்சி, மேல் லீக் கோச்சுக்கு வேணும்ற ப்ரோ லைசன்ஸ் கெடையாது, ஒவ்வொரு மேட்சுக்கும் 25,000 யூரோ ஃபைன். கிளப் கட்டுச்சி! மொத 17 லீக் மேட்ச் தோக்கவே இல்ல. கேம்ல அந்த ஃபைன் கட்டற போர்டு ஒண்ணு வெச்சி பாருங்க, எவ்ளோ கத வரும். போர்டு மீட்டிங்ல ஒருத்தன் கணக்கு பாத்துகினே இருப்பான், நீ ரெண்டு மேட்ச் தோத்தவுடனே ஃபைன் பில்ல எடுத்து மேசைல போடுவான்.

கேள்வி கேளுங்க. தம்பி, நீ.

"அண்ணா, இதெல்லாம் வந்தா கேம் ரொம்ப கஷ்டமாயிடாதா?"

இப்ப ஈசியா இருக்குதா? நாலு சீசன் ஒரே கிளப்புல கப்பு மேல கப்பா அடிச்சா ரியல் மாட்ரிட் கூப்புடுது, அது ஈசி, ஆனா போர். கஷ்டம்னா ஒரு கதவு மூடும், நீ நெனைக்காத இன்னொன்னு தொறக்கும். ஒன்கிட்ட 17 வயசுல ஆடுன பையன் பதினஞ்சு வருஷம் கழிச்சி ஏதோ ஒரு கிளப்புல கோச்ச எடுக்கற ஸ்போர்ட்டிங் டைரக்டரா இருப்பான், அவன் ஒன்ன கூப்புடுவான். இல்ல கூப்புட மாட்டான். நான் அந்த ஆறாவது டிவிஷன் டீம்ல கேப்டனுக்கு, ஒன்ன விக்க மாட்டன்னு வாக்கு குடுத்துட்டு, ஜனவரி கடைசி நாள் வித்துட்டன். கேம்ல ரெண்டு பேரு மூஞ்ச தூக்கி வெச்சிகினாங்க, ஒரு மாசத்துல மறந்துட்டாங்க. அவன் மறப்பானா?

"அண்ணா, இன்டர்வியூல ரிஜெக்ட் பண்ணா நாங்க பழைய சேவ ரீலோட் பண்ணிடுவோமே?"

பண்ணு. பத்து வாட்டி பண்ணு. பதில் இன்டர்வியூ ரூம்ல முடிவாகற வரைக்கும்தான் ரீலோட் வேல செய்யும். சேர்மன் நேத்தே அந்த கேப்டனுக்கு போன் போட்டு பேசிட்டான்னு வை, நீ மூணு சீசன் பின்னாடி போயி, அந்த ஜனவரி 31ஆம் தேதி சேவ தேடி எடுத்து, அவன விக்காம இருக்கணும். அந்த சேவ் ஒங்கிட்ட இருக்குதா?