இல்லாதது கசியாது

பேராசிரியர்களுக்கும் வேதிப் பொறியியல் மாணவர்களுக்கும் என் வணக்கம்.

ஆலையில் இருபத்திரண்டு வருடம் ஷிப்ட் பார்த்துவிட்டு வகுப்பறைக்கு வந்தவன் நான். அதே பாதையில் எனக்கு வெகுகாலம் முன்பே நடந்த பிரிட்டிஷ் ஆலைப் பாதுகாப்பு நிபுணர் ட்ரெவர் க்ளெட்ஸைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 1944-இல் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பட்டம் பெற்று, அந்த ஆண்டே ஐ.சி.ஐ. என்ற பிரிட்டிஷ் வேதிப்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தார். 1968-இல் பாதுகாப்பு ஆலோசகர் ஆனார், 1982-இல் ஓய்வு பெற்றார். லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். படித்தது வேதியியல் என்றாலும், உலகெங்கும் வேதிப் பொறியாளர்கள் அவரைத் தங்கள் ஆசானாகவே கொண்டார்கள்.

அவர் கற்பித்த விதம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஆலையில் பொறியாளர்களைச் சிறு குழுவாக உட்காரவைத்து, நடந்த ஒரு விபத்தைச் சில வரிகளில் சொல்லி நிறுத்திக்கொள்வார். காரணத்தைச் சொல்லமாட்டார். கேட்பவர்களே கேள்வி கேட்டுக் கேட்டு அதைத் தோண்டி எடுக்க வேண்டும்.

ஃப்ளிக்ஸ்பரோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1974 ஜூன் 1, சனிக்கிழமை மாலை. நைலானுக்கு வேண்டிய கேப்ரோலாக்டம் செய்யும் ஆங்கிலேய ஆலை அது. எளிதில் தீப்பற்றும் சைக்ளோஹெக்சேன் என்ற திரவத்தைக் காற்றால் ஆக்சிஜனேற்றம் செய்ய ஆறு ரியாக்டர்கள், அதாவது வினை நடக்கும் கலன்கள், வரிசையாக நின்றன. ஐந்தாவதில் விரிசல் கண்டு, அதைக் கழற்றிவிட்டார்கள். உற்பத்தி நிற்கக் கூடாதே! நான்கையும் ஆறையும் 20 அங்குலக் குழாயால் இணைத்தார்கள். அதற்கு வரைபடம் என்று இருந்தது, பட்டறைத் தரையில் சாக்பீஸால் போட்ட கோடுகள்தான். குழாயைத் தாங்கி நின்றது கட்டட வேலைக்குப் போடும் சாரம். இரண்டு மாதம் ஓடிய பிறகு குழாய் பிய்த்துக்கொண்டது. வெளியேறிய ஆவி தீப்பற்றி வெடித்தது. இறந்தவர்கள் 28 பேர்; அவர்களில் 18 பேர் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள்.

எல்லோரும் குழாயைப் பார்த்தார்கள். பார்க்க வேண்டியதுதான். க்ளெட்ஸ் அதற்கும் பின்னால் போய், அங்கே ஏன் அவ்வளவு சைக்ளோஹெக்சேன் இருந்தது என்று கேட்டார். ஒரு சுற்றில் ஏறக்குறைய ஆறு சதவீதம்தான் வினைபுரியும். மீதி முழுவதும் 155 டிகிரி வெப்பத்தில், அழுத்தத்தோடு, மறுபடியும் மறுபடியும் சுற்றிக்கொண்டே இருக்கும். வினையைச் சிறப்பாக நடத்தினால் ரியாக்டரே சிறியதாகிவிடும் அல்லவா? 1977-இல் அவர் நிகழ்த்திய சொற்பொழிவின் தலைப்பு: உங்களிடம் இல்லாதது கசியாது.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், பழுது பார்க்க வந்த ஃபிட்டர் ஒருவர் பக்கத்துப் பம்பைத் திறந்துவிட்டார். சூடான காரக் கரைசல் கையில் பட்டது. ‘கவனக்குறைவு’ என்று விசாரணை அறிக்கை எழுதினார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன். அந்த வரிசையில் பம்புகளின் எண்கள் பெயின்டுக்கு அடியில் மறைந்துபோயிருந்தன. அதை ஒருவரும் எழுதவில்லை. விபத்துக்கு மனிதத் தவறுதான் காரணம் என்பது, விழுந்ததற்குப் புவியீர்ப்புதான் காரணம் என்பதைப் போன்றது என்று க்ளெட்ஸ் சொல்வார். அதைப் பிற்பாடு படித்தபோது அந்த ஃபிட்டரின் கைதான் கண்முன் வந்தது. இன்றும் வருகிறது.

போபாலுக்கு வருகிறேன். 1984 டிசம்பர் 2 நள்ளிரவில் வெளியேறிய மீத்தைல் ஐசோசயனேட் என்ற நச்சுப்பொருள் ஏறத்தாழ 40 டன். கார்பாரில் என்ற பூச்சிக்கொல்லியைச் செய்யும் வழியில் அது ஓர் இடைப்பொருள் மட்டுமே. மீத்தைலமீனையும் ஃபாஸ்ஜீனையும் முதலில் சேர்த்தால் அது உண்டாகும். பிறகு நாஃப்தாலைச் சேர்க்க வேண்டும். நாஃப்தாலையும் ஃபாஸ்ஜீனையும் முதலில் சேர்த்து, மீத்தைலமீனைக் கடைசியில் சேர்த்தாலும் அதே கார்பாரில் கிடைக்கும். மூலப்பொருள்கள் அதே மூன்று. ஆனால் மீத்தைல் ஐசோசயனேட் உண்டாவதே இல்லை. ஃபாஸ்ஜீனும் கொடிய நஞ்சுதான், மறுக்கவில்லை. இடைப்பொருளே வேண்டுமென்றாலும், அதை டன் கணக்கில் தொட்டியில் தேக்கியே ஆக வேண்டுமா? உண்டான உடனே அடுத்த வினைக்கு அனுப்பிவிடலாமே! அந்த நகரத்து மக்களை நினைக்கும்போது இந்தக் கேள்வியை அமைதியாகக் கேட்க என்னால் முடியவில்லை.

வினைகளின் வரிசையைத் தீர்மானிப்பது ஆலை எழும்புவதற்கு முன்னால், மேசையில். அங்கே உட்காரப்போகிறவர்கள் நீங்கள். மீதி நேரத்தில் க்ளெட்ஸ் செய்ததைச் செய்து பார்ப்போம். ஃப்ளிக்ஸ்பரோ குழாயை இந்தப் பலகையில் சாக்பீஸால் போடுகிறேன். நான்காவது ரியாக்டர் இங்கே, ஆறாவது சற்றுத் தாழ்வாக அங்கே. உங்கள் கேள்விகளைக் கேளுங்கள்.