36 ஆண்டுகள் ஒரே பதவியில்: டல்லஸ் அரசு வழக்குரைஞர் ஹென்றி வேட்

[திரையில்: டெக்சாஸ் வரைபடம், டல்லஸ் கவுன்ட்டி]

அமெரிக்காவில் கருக்கலைப்பு பற்றிப் பேச்சு வந்தாலே அடிபடும் வழக்கு 'ரோ எதிர் வேட்'. அந்த வேட், டெக்சாஸ் மாநிலத்தின் டல்லஸ் கவுன்ட்டியில் (நம்மூர் மாவட்டம் போன்றது) தலைமை அரசு வழக்குரைஞராக இருந்த ஹென்றி வேட். எஃப்பிஐயில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். 1951 தொடங்கி 1986 முடிய அந்தப் பதவியில் இருந்தார்.

அங்கே இந்தப் பதவிக்கு வழக்கமாக யாரையும் நியமிப்பதில்லை. கவுன்ட்டி மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். எந்த வழக்கை நடத்துவது, மரண தண்டனை கேட்பதா வேண்டாமா என்பதெல்லாம் அவர் கையில். கருக்கலைப்புத் தடைச் சட்டத்தை டல்லஸில் அமல்படுத்தும் அதிகாரம் இவரிடம் இருந்ததால்தான் 1970இல் இவரைப் பிரதிவாதியாகச் சேர்த்தார்கள். உச்ச நீதிமன்றத்தில் இவர் வாதாடவே இல்லை. கருக்கலைப்பு அரசியல் சாசன உரிமை என்று 1973இல் வந்த அந்தத் தீர்ப்பு 2022இல் ரத்தானது.

இவர் நேரில் நின்று நடத்திய பெரிய வழக்கு, அதிபர் கென்னடியைச் சுட்டதாகக் கைதான ஆஸ்வால்டைச் சுட்டுக் கொன்ற ஜாக் ரூபி மீதானது. 1964 மார்ச்சில் மரண தண்டனை வாங்கிக் கொடுத்தார். 1966இல் மேல்முறையீட்டில் அது நிற்கவில்லை. காவலில் இருந்தபோது ரூபி சொன்னதைச் சாட்சியமாக ஏற்றதும், விசாரணையை டல்லஸுக்கு வெளியே மாற்றாததும் தவறு என்றது நீதிமன்றம். மறு விசாரணைக்கு முன்பே ரூபி இறந்துவிட்டார்.

[திரையில்: ஜூரி தேர்வு அறை, வரிசையாக நாற்காலிகள்]

ஆனால் வேட் காலத்து அலுவலகத்தைப் புரிந்துகொள்ள ஜூரியை, அதாவது குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவை, எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். கொலைக் குற்றம் சாட்டப்பட்ட கறுப்பினத்தவர் தாமஸ் மில்லர்-எல் மீதான வழக்கு, 1986. ஜூரிக்கு அழைக்கப்பட்டவர்களை முன்வரிசையிலிருந்து ஒவ்வொருவராக விசாரிப்பார்கள். வாரக் கடைசிக்குள் முறை வராதவர்கள் வீட்டுக்குப் போகலாம். டெக்சாஸ் சட்டப்படி எந்தத் தரப்பும் பெயர் அட்டைகளைக் கலைத்துப் போடச் சொல்லலாம். முன்வரிசையில் கறுப்பினத்தவர் கூடுதலாக இருந்தபோது அரசுத் தரப்பு அட்டைகளைக் கலைக்கக் கேட்டது.

அடுத்தது கேள்வி. மரண தண்டனை எப்படி நிறைவேற்றப்படும் என்று பதற வைக்கும் அளவுக்கு விவரித்துவிட்டு, 'உங்கள் கருத்து என்ன' என்று கேட்பார்கள். தயங்கினால் அதுவே நீக்கக் காரணம். இந்த விவரிப்பைக் கேட்டவர்கள் கறுப்பினத்தவரில் 53 சதவீதம், வெள்ளையரில் 6 சதவீதம். தகுதியான 11 கறுப்பினத்தவரில் 10 பேரைக் காரணம் சொல்லாமலே நீக்கினார்கள். 2005இல் உச்ச நீதிமன்றம் இது இனப் பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. கறுப்பினத்தவரை ஒதுக்கும் பழக்கம் அந்த அலுவலகத்தில் பல பத்தாண்டுகளாக இருந்ததையும் சுட்டிக்காட்டியது. இது ஓரிரு வக்கீல்களின் தவறு அல்ல. அலுவலகம் கற்றுக்கொடுத்த வேலைமுறை.

[திரையில்: ஆய்வகக் குளிர்பதனப் பெட்டி, மாதிரிக் குழாய்கள்]

டல்லஸ் தடயவியல் ஆய்வகம் பழைய ரத்த, விந்து மாதிரிகளைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தது. 2001இல் டெக்சாஸ் சட்டம் தண்டனை பெற்றவர்களுக்கு டிஎன்ஏ சோதனை கேட்க வழி திறந்தது. 2007இல் வேட் வகித்த அதே பதவிக்கு வந்த கிரெய்க் வாட்கின்ஸ், பழைய தண்டனைகளை மறு ஆய்வு செய்யத் தனிப் பிரிவே தொடங்கினார். வேட் காலத்தில் சிறைக்குப் போன பலர் நிரபராதிகள் என்று வெளியே வந்தார்கள்.

அவற்றில் பெரும்பாலானவை சாட்சி ஆளை மாற்றி அடையாளம் காட்டிய வழக்குகள். சந்தேக நபர் யாரென்று தெரிந்த போலீஸ்காரரே எல்லாப் படங்களையும் ஒன்றாக அடுக்கிக் காட்டினால், சாட்சி அவற்றுக்குள் ஒப்பிட்டு 'கிட்டத்தட்ட இவர்' என்று ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிடுவார். போலீஸ்காரர் தன்னையறியாமல் குறிப்புக் கொடுக்கவும் வாய்ப்புண்டு. வழக்கு விவரம் தெரியாத வேறொருவர், படங்களை ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டும். 'குற்றவாளி இதில் இல்லாமலும் இருக்கலாம்' என்று முதலிலேயே சொல்ல வேண்டும். சாட்சி எவ்வளவு உறுதியாகச் சொன்னார் என்பதை அவருடைய வார்த்தையிலேயே அந்த இடத்திலேயே எழுதிவைக்க வேண்டும்.