குளிரில் தயிர் உறையாதா?

நீலகிரி வானொலி நேயர்களுக்கு வணக்கம். ஊட்டியோ குன்னூரோ, எந்த மருந்துக்கடைக்குப் போனாலும் ‘எதிர்ப்பு சக்தி கூட்டும்’ என்று எழுதிய புரோபயாட்டிக், அதாவது உயிருள்ள நல்ல பாக்டீரியா அடங்கிய மாத்திரையும் குட்டி பாட்டில் பானமும் முன்னாலேயே இருக்கின்றன. வாங்கலாமா என்று கேட்பவர்களிடம், வீட்டில் தயிர் தோய்க்கிறீர்களா என்றுதான் நான் கேட்பேன். “இந்தக் குளிரில் எங்கேங்க உறையுது?” என்பார்கள்.

உறையும். பாலைத் தயிராக்குவது லாக்டிக் அமில பாக்டீரியாக்கள், அவற்றுக்கு ஏறத்தாழ 40 டிகிரி சூடு வேண்டும், ஜனவரி ராத்திரியில் நம் சமையலறையில் அது ஏது? அதனால் பாலைக் காய்ச்சி, விரலை விட்டால் சூடு தெரியணும், ஆனால் சுடக் கூடாது, அந்தப் பதத்தில் உறை ஊற்றுங்கள். மேட்டுப்பாளையத்தில் அரை ஸ்பூன் போதும், இங்கே இரண்டு ஸ்பூனாவது விடுங்கள். உடனே ஹாட்பாக்ஸில் வைத்து மூடி, மேலே கம்பளியைச் சுற்றி அடுப்புப் பக்கமாக வைத்துவிடுங்கள், திறந்து திறந்து பார்க்காதீர்கள். உறைக்கு மோர் இல்லையா, பாக்கெட் தயிரில் இரண்டு ஸ்பூன் எடுங்கள், அதிலும் உயிருள்ள பாக்டீரியா உண்டு. திரும்பவும் சொல்கிறேன், சூடு போகாமல் பார்த்துக்கொண்டால் தயிர் உறைந்தே தீரும்.

நாய்க்கடி ஊசி என்றால் நமக்கு குன்னூர் பாஸ்டியர் இன்ஸ்டிடியூட் ஞாபகம் வரும், 1907-இல் தொடங்கியது. அதே காலத்தில் பாரிஸ் பாஸ்டியர் இன்ஸ்டிடியூட்டில் இருந்தவர் மெச்னிகாஃப். கிருமிகளை விழுங்குகிற அணுக்கள் நம் உடம்பில் இருப்பதைக் கண்டுபிடித்து 1908-இல் நோபல் பரிசு வாங்கிய அவர், புளித்த பால் ஆயுளைக் கூட்டும் என்று நம்பி தினமும் குடித்தார். ஆயுள் விஷயம் நிரூபணமாகவில்லை. ஆனால் குடலையும் எதிர்ப்பு சக்தியையும் அவர் சேர்த்துப் பார்த்தது எனக்குப் பெரிய விஷயம், ஏனென்றால் நம் எதிர்ப்பு அணுக்கள் குடலை ஒட்டியும் ஏராளமாக இருக்கின்றன. ஸ்டான்ஃபோர்டில் 36 பேரை வைத்துச் செய்து 2021-இல் வெளியான ஆய்வில், பத்து வாரம் தயிர் மாதிரி புளித்த உணவுகளை நிறைய சாப்பிட்டவர்களுக்குக் குடல் பாக்டீரியாவில் வகைகள் கூடின, ரத்தத்தில் அழற்சியின் அடையாளங்கள் குறைந்தன. சின்ன ஆய்வுதான், ஆனாலும் ஒரு கிண்ணம் தயிருக்கு இந்த ஆதாரம் எனக்குப் போதும்.

இட்லி மாவும் புளித்ததுதானே என்பீர்கள். ஆவியில் வெந்ததும் பாக்டீரியா செத்துப்போகும், இட்லி வேறு வகையில் நல்லது. மோர்க்குழம்பும் கொதித்துவிட்டால் அப்படித்தான். தயிரை அப்படியே சாப்பிடுங்கள்.

அப்புறம், உள்ளே இருக்கிற பாக்டீரியாவுக்கும் தீனி வேண்டும். நமக்குச் செரிக்காத நார்ச்சத்துதான் அது. அதைத் தின்று அவை உண்டாக்கும் ப்யூட்ரேட் என்ற அமிலத்தில்தான் பெருங்குடலின் உட்சுவர் அணுக்கள் பிழைக்கின்றன. ராகிக் களி, அவரை, பீன்ஸ், பூண்டு எல்லாம் நம் தோட்டத்திலும் சந்தையிலும் இருக்கும்போது மாத்திரைக்கு ஏன் காசு?

நேரமாகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். ஆன்டிபயாடிக் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சாதாரண சளி வைரஸால் வருவது, அதற்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது, குடலில் இருக்கிற நல்ல பாக்டீரியாவைத்தான் அழிக்கும். நீங்களாகக் கடையில் கேட்டு வாங்காதீர்கள். டாக்டர் எழுதிக் கொடுத்து, அதனால் வயிற்றுப்போக்கு வந்தால், புரோபயாட்டிக் வேண்டுமா என்று அவரிடமே கேளுங்கள். புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்களும், குறைமாதக் குழந்தை வைத்திருப்பவர்களும் கேட்காமல் அந்த மாத்திரையைத் தொடவே கூடாது. வணக்கம்.