முரசுமோட்டை: 11 ஆ, 12 ஆ?

வணக்கம். கிளிநொச்சியிலிருந்து, அதே மேசை, அதே ஃபேன் சத்தம். பரந்தன் அரிசி ஆலை ஒன்றுக்கு மென்பொருள் செய்கிறேன் என்று போன வீடியோவில் சொன்னேன்தானே? அதில் நேற்றிரவு நடந்ததைச் சொல்லியே ஆகவேண்டும். ஆத்திரமும் அடங்கவில்லை, சந்தோஷமும் அடங்கவில்லை.

ஆலைக்கார அண்ணை போன் எடுத்தார். "தம்பி, முரசுமோட்டை என்று தேடினால் 17 பேர்தான் வருகினம். அங்கே எங்களுக்கு நெல்லுத் தாறவை 41 பேர்" என்றார். பட்டியலைத் திறந்தால் 41 பேருக்கும் முரசுமோட்டை என்றுதான் இருக்கிறது. ஒரு வித்தியாசமும் கண்ணில் படவில்லை. இடைவெளி கூடியிருக்குமோ என்று பார்த்தேன், இல்லை. இரவு ஒரு மணிக்கு, வந்த பெயரிலிருந்தும் வராத பெயரிலிருந்தும் அந்தச் சொல்லை எடுத்து, நீளம் என்ன, அதாவது உள்ளே எத்தனை குறிகள் என்று, நான் நிரல் எழுதுகிற பைதான் மொழியிடம் கேட்டேன். ஒன்று 11. மற்றது 12! கதிரையிலிருந்து எழும்பிவிட்டேன்.

எல்லாம் அந்த 'மோ' செய்த வேலை. கணினியில் எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கிற பொது முறைதான் யூனிகோட். அதில் 'ம'வுக்குப் பிறகு ஓகாரக் குறி ஒரே குறியாகவும் வரலாம், கொம்பும் அரவும் தனித்தனிக் குறிகளாகவும் வரலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள்.

ஓ, ஒன்றை விட்டுவிட்டேன். அண்ணையின் பழைய பட்டியல், யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டியது. அதை ஒரு மாற்றியில் போட்டு யூனிகோட் ஆக்கினேன். அங்கேதான் கொம்பும் அரவும் பிரிந்தபடியே வந்திருக்கின்றன. அந்த 17 பேரும் பிறகு போனில் சேர்த்தவர்கள்.

சரி, திருத்தம் சின்னது. பைதானோடு வருகிற யூனிகோட்டேட்டா என்ற தொகுப்பில் நார்மலைஸ் என்றொரு கட்டளை இருக்கிறது. அதற்கு என்எஃப்சி என்று கொடுத்தால் பிரிந்ததைச் சேர்த்துவிடும். ஜாவாஸ்கிரிப்டிலும் இதே பெயர்தான். சேமிக்கும்போதும் செய்யவேண்டும், தேடும் சொல்லுக்கும் செய்யவேண்டும். ஒரு பக்கம் மட்டும் செய்தால் தேடல் மறுபடி பிழையாகும்.

ஆத்திரம் ஏன் என்றால், இதே திருத்தத்தை, ஐந்து வரிதான், இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நூலகப் பட்டியலுக்கு எழுதியிருக்கிறேன்! வைத்திருந்தது 1800 ரூபாய் பென் டிரைவில். ஆறே மாதத்தில் செத்துப்போனது. பில் இல்லை என்று கடையில் மாற்றித் தரவும் இல்லை. 1800 ரூபாய்! இனிப் பென் டிரைவில் கோட் வைக்கவே மாட்டேன்.

இன்று காலை முதல் வேலையாக, இப்படியான சின்னக் கோட் துணுக்குகளுக்கென்று, கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கிற 'கிட்' என்ற கருவியில் தனிக் களஞ்சியம் திறந்தேன். ஒரு துணுக்குக்கு ஒரு கோப்பு. மேலே, எந்தச் சிக்கலில் இது பிறந்தது என்று தமிழில் இரண்டு வரி. கீழே ஒரு சோதனை: இரண்டு விதமான முரசுமோட்டையும் சமமாக வரவேண்டும். காரணம் எழுதாத துணுக்கு எனக்கு வேண்டாம், ஆறு மாதத்தில் எனக்கே அது யாரோ எழுதியதுபோல இருக்கும். நான் கோட் எழுதுகிற விஎஸ் கோட் செயலியின் பயனர் துணுக்குகளிலும் போட்டுவிட்டேன், சுருக்கச் சொல்லைத் தட்டினால் முழுதும் விழுகிறது. அப்புறம், கோடைப் படம் பிடித்து அனுப்பாதீர்கள், தயவுசெய்து! எழுத்தாக அனுப்புங்கள். படத்தில் இந்த 11, 12 தெரியவே தெரியாது.

அண்ணைக்கு மதியம் எடுத்தேன். தேடிப் பார்த்துவிட்டு "41" என்றார். "கோணாவிலையும் பார் தம்பி" என்றார். அங்கேயும் ஒரு 'கோ' இருக்கிறதே. பார்த்தேன், எல்லோரும் வந்துவிட்டார்கள்.