கருத்த பாட்டில்

வந்திருக்கிற எல்லாருக்கும் வணக்கம். முன் வரிசையில் இருக்கிறவர்கள் இந்த மேசையைக் கொஞ்சம் பாருங்கள். முந்தாநாள் காலையில் ஒரு பாட்டிலில் தெருக்குழாய்த் தண்ணீரும் இன்னொன்றில் ஒரு வீட்டுக் கிணற்றுத் தண்ணீரும் பிடித்து வைத்தேன். பிடித்தபோது இரண்டும் ஒரே தெளிவு, இப்போது கிணற்றுத் தண்ணீர் மை மாதிரி கருத்துக் கிடக்கிறது. மலத்திலிருந்து வருகிற கிருமி இருந்தால், உள்ளே இருக்கும் மருந்துத்தாளோடு சேர்ந்து 24 முதல் 48 மணி நேரத்தில் இப்படிக் கருக்கும். கரண்ட் வேண்டாம், நம்ம ஊர் சூடே போதும்.

ஃபில்டர் விற்க வருகிறவர் மீட்டரை முக்கி டிடிஎஸ் காட்டுவார். அது கரைந்த உப்பின் மொத்த அளவைச் சொல்லும், அவ்வளவுதான். கிருமி அதில் தெரியாது, ஃப்ளோரைடும் தனியாகத் தெரியாது. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பிள்ளைகள் பல்லில் ஏறுகிற அந்தப் பழுப்புக் கறை ஃப்ளோரைடால் வருவது. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு தண்ணீருக்கு வழியே இல்லையென்றால் 1.5 வரை. காய்ச்சினால் சரியாகிவிடும் என்று நிறைய அம்மாக்கள் நம்புகிறார்கள், கேட்கும்போதே எனக்குப் பதறும், ஏனென்றால் காய்ச்சக் காய்ச்சத் தண்ணீர்தான் சுண்டும், ஃப்ளோரைடு அப்படியே நிற்கும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத் தண்ணீர் 2013-லேயே வந்துவிட்டது, சரி, ஆனால் குழாய் வராத நாளில் நாம் எங்கே ஓடுகிறோம்? பழைய போர்வெல்லுக்குத்தானே!

அந்த போர்வெல் தண்ணீரை நாமே சோதித்துப் பார்க்கலாம். வீட்டுக்கு வீடு குழாய் கொடுக்கிற ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்கு, தண்ணீரைச் சோதிக்கிற கள ஆய்வுப் பெட்டியில் பயிற்சி கொடுக்க வேண்டும் என்றே இருக்கிறது. பெட்டி எங்கே என்று பஞ்சாயத்தில் கேளுங்கள், அலமாரியில் பூட்டிக் கிடந்தால் திறக்கச் சொல்லுங்கள். பெட்டியில் இருக்கிற ஃப்ளோரைடு சோதனை மருந்தை விட்டதும் தண்ணீர் ரோஸாக இருந்தால் நல்லது, மஞ்சளாக மாற மாற ஃப்ளோரைடு அளவு கூடுகிறது என்று அர்த்தம். பத்தாவது படிக்கிற பிள்ளை பார்த்துச் சொல்லிவிடும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன், எழுதி வையுங்கள். எந்தக் கிணறு, எந்தத் தேதி, முந்தின நாள் மழையா, என்ன நிறம். ஒரு தடவை கருத்தால் பாட்டிலைச் சரியாகக் கழுவவில்லை என்பார்கள், ஒவ்வொரு மழைக்கும் அதே கிணறு கருத்தால் பக்கத்துக் கக்கூஸ் குழியைப் போய்ப் பார்த்துத்தான் ஆக வேண்டும். அந்த நோட்டோடு மார்ச் 22 கிராம சபைக்குப் போங்கள், குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் முறையாகச் சோதிக்கச் சொல்லித் தீர்மானம் போடச் சொல்லுங்கள்.

நோட்டு இதோ இருக்கிறது. கருத்த கிணற்றை முதல் பக்கத்தில் எழுதிவிட்டேன். அடுத்த மழை விட்ட மறுநாள் காலை அங்கே திரும்பவும் தண்ணீர் பிடிக்க வேண்டும், யார் யார் வருகிறீர்கள்?