அலமாரியில் தூங்கும் லென்ஸ்

நடுவர் அவர்களே, வணக்கம். டிஜிட்டல் புகைப்படம் ஒருவருக்குப் பொழுதுபோக்காக நிலைப்பது செலவாலா, ஈடுபாட்டாலா என்பது தலைப்பு. செலவு அணியில் பேசிய அண்ணன், "நல்ல லென்ஸ் இல்லாமல் நல்ல படம் ஏது?" என்று கேட்டுவிட்டுக் கைதட்டலோடு உட்கார்ந்தார். நானும்தான் தட்டினேன். பாதி உண்மை ஆயிற்றே!

கேமராவோடு வரும் 18-55 மி.மீ. ஜூம் லென்ஸை 50 மி.மீ. பக்கம் திருகினால், வெளிச்சம் நுழையும் அதன் திறப்பு எஃப் 5.6 அளவில் நின்றுவிடும். எஃப் எண் குறைந்தால் திறப்பு பெரிது. எஃப் 1.8 திறப்புள்ள 50 மி.மீ. லென்ஸ் ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். மங்கலான அறையில் ஓடும் குழந்தையை எடுத்துப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியும். சரி, ஒப்புக்கொள்கிறேன். அண்ணன் ஆசையாய் வாங்கிய அந்த லென்ஸ் இப்போது எங்கே? அவரே சொன்னார்: அலமாரியில், பையோடு, மூன்று மாதமாக!

லென்ஸ் சும்மா தூங்காது, நடுவர் அவர்களே. இருட்டும் ஈரப்பதமும் சேர்ந்தால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள், சிலந்தி வலை போல வெள்ளை இழை ஓடும். என் முதல் லென்ஸ் அப்படித்தான் போனது. தவணையில் வாங்கியது, கடைசித் தவணைக்கு முன்பே பூஞ்சை முந்திக்கொண்டது. சிரிக்காதீர்கள், இன்னும் வலிக்கிறது.

ஃபிலிம் சுருளில் 36 படம். ஒவ்வொரு அழுத்தலுக்கும் காசு, கழுவவும் அச்சிடவும் தனிக் காசு. அந்தக் காலத்தில் இந்தப் பட்டிமன்றம் நடந்திருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். டிஜிட்டலில் கணக்கு தலைகீழ். பெரும்பணம் முதலிலேயே போய்விடுகிறது. அப்புறம் நூறு எடுத்தாலும் ஆயிரம் எடுத்தாலும் மெமரி கார்டு காசு கேட்பதில்லை. எடுக்க எடுக்கத்தான் ஒரு படத்துக்கு விழும் செலவு இறங்குகிறது. அப்படியென்றால் செலவைக் குறைப்பதே எங்கள் ஈடுபாட்டு அணிதானே!

புகழ்பெற்ற பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் நினைத்திருந்தால் எந்த லென்ஸையும் வாங்கியிருக்கலாம். பெரும்பாலும் 50 மி.மீ. லென்ஸோடுதான் தெருவில் நடந்தார்.

தொடக்கநிலை கேமராக்கள் பலவற்றின் ஷட்டர், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் திறந்து மூடும் கதவு, 1 லட்சம் முறை இயங்கும் என்று மதிப்பிட்டு விற்கிறார்கள். அண்ணன் இன்று பெருமையாய்க் கொண்டுவந்த கேமராவின் ஷட்டர் எண்ணிக்கையை மேடைக்குப் பின்னால் பார்த்தோம். 1,412. அதில் முந்நூறு, வாங்கிய அன்றே எடுத்தது! மணி அடித்துவிட்டீர்கள், நடுவரே. அடுத்து வரும் செலவு அணி அக்கா, தன் கேமராவின் எண்ணிக்கையைச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்கட்டும்.