படத்தில் இருப்பவருக்கும் படித்துக் காட்டுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

அறக்கட்டளைகள் தாங்கள் உதவும் திட்டங்களை ஊரறியக் காட்ட வேண்டுமா என்று சிலர் கேட்பதுண்டு. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்பார்கள். தனி மனிதர் தன் கைக்காசைக் கொடுக்கும்போது அது சரி. அறக்கட்டளையில் இருப்பது பெரும்பாலும் பலரிடம் திரட்டிய பணம், அல்லது வரிச்சலுகை பெற்ற பணம். அது எங்கே போனது, என்ன ஆனது என்று சொல்லித்தான் ஆக வேண்டும். எப்படிச் சொல்கிறார்கள் என்பதில்தான் எனக்கு ஆதங்கம்.

ஆண்டறிக்கை ஒன்றைப் புரட்டுங்கள். முதலில் திறப்பு விழா, ரிப்பன், பொன்னாடை, வரிசையாக அறங்காவலர்கள். அடுத்த பக்கம் முழுக்க ஒரு குழந்தையின் முகம். காரணம் இல்லாமல் இல்லை. 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆப்பிரிக்க நாடுகளின் பட்டினி பற்றிய புள்ளிவிவரங்களை மட்டும் படித்தவர்கள் சராசரியாக 1.14 டாலர் நன்கொடை கொடுத்தார்கள். ஒரே ஒரு ஏழு வயதுச் சிறுமியைப் பற்றிப் படித்தவர்கள் 2.38 டாலர் கொடுத்தார்கள். சிறுமியின் கதையோடு புள்ளிவிவரத்தையும் சேர்த்துக் காட்டியபோது தொகை 1.43 டாலருக்கு இறங்கிவிட்டது. கணக்கைச் சொன்னால் கை சுருங்குகிறது என்றால், எந்த அறக்கட்டளைக்குத்தான் கணக்கைச் சொல்ல மனம் வரும்?

ஆனால் அந்தக் குழந்தை வளரும். பத்து வருடம் கழித்து வேலைக்குப் போகும் இடத்தில் அதே படத்தை யாரோ எடுத்துக் காட்டலாம். 1989-லேயே ஐரோப்பியத் தொண்டு நிறுவனங்கள் கூடி, பரிதாபத்தைத் தூண்டும் படங்களைத் தவிர்க்கச் சொல்லி ஒரு நடத்தை நெறி வகுத்தன. இத்தனை வருடம் கழித்தும் அழுத முகங்கள் அச்சாகிக்கொண்டுதான் இருக்கின்றன. எனக்கு இது வேதனையாக இருக்கிறது.

அப்புறம் இன்னொரு வகைப் படம் உண்டு, எல்லாரும் சிரிக்கும் படம். 'பிளேபம்ப்' என்று ஒரு கருவி. பிள்ளைகள் ராட்டினம் சுற்றி விளையாடினால் நிலத்தடி நீர் மேலே தொட்டிக்கு ஏறும். பார்க்கவே அவ்வளவு அழகு! 2006-இல் அமெரிக்காவில் இதற்கு 1 கோடியே 64 லட்சம் டாலர் அறிவித்தார்கள். 2010-க்குள் ஆப்பிரிக்காவில் 4,000 கருவிகள் வைப்பது இலக்கு. நடந்தது என்ன? பிள்ளைகள் எந்நேரமும் விளையாடுவார்களா? பல ஊர்களில் பெண்கள்தான் குனிந்து அந்தச் சக்கரத்தைத் தள்ள வேண்டியிருந்தது. பழுதானால் சரிசெய்ய ஆள் வருவது பெரும்பாடு. சாதாரணக் கைப்பம்பைவிட விலையும் பல மடங்கு. சக்கரம் சுற்றும் பிள்ளைகளின் படத்தில் இதில் எதுவுமே தெரியாது.

இதற்குப் பணம் கொடுத்தவர்களில் ஒருவரான கேஸ் அறக்கட்டளை, 2010-இல், எதிர்பார்த்தபடி நடக்கவில்லை என்று தானே பொதுவெளியில் எழுதியது. கனடாவின் 'எல்லைகளற்ற பொறியாளர்கள்' அமைப்பு தோல்விகளுக்கென்றே தனி அறிக்கை வெளியிட்டது. இப்படிச் சொல்பவர்கள்மேல்தான் எனக்கு நம்பிக்கை வருகிறது. அடுத்த ஊரில் அதே வேலையைத் தொடங்கப் போகிறவருக்கு வெற்றிக் கதையைவிட இது எவ்வளவோ உதவும்.

ஒரு திட்டத்தைக் காட்டும்போது சில விவரங்கள் எனக்குக் கட்டாயம் வேண்டும். நாங்கள் கொடுத்தது இவ்வளவு, மற்றவர்கள் போட்டது இவ்வளவு. களத்தில் வேலை செய்தது இந்த உள்ளூர் அமைப்பு. அவர்கள் பெயரைப் பொடி எழுத்தில் அடிக்குறிப்பாகப் போடுவது நியாயமே இல்லை, வியர்வை அவர்களுடையது. திறப்பு விழாப் படத்துக்குப் பக்கத்திலேயே, இரண்டு வருடம் கழித்து அதே இடத்தில் எடுத்த படம். குழாயில் தண்ணீர் வருகிறதா, வகுப்பறைக்கு ஆசிரியர் வருகிறாரா என்று அதில் தெரிந்துவிடும்.

அறிக்கை எழுத உட்காரும் நண்பர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அச்சுக்கு அனுப்பும் முன் அந்தப் பக்கத்தை, படத்தில் இருப்பவருக்கு அவர் மொழியிலேயே படித்துக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள். திருத்தச் சொன்னால் திருத்துங்கள்.

நன்றி, வணக்கம்.